சோதனை முயற்சியாக எடுத்த இயற்கைப் படம்: விமர்சனம் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அடிக்கடி எழும் கேள்விகள்

கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுத்த சவுக்குத் தோப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை பதிந்த அடும்பங்கொடி, அலை புகையாகக் கரையும்வரை ஷட்டரைத் திறந்துவைத்த கடல். சென்னையில் இப்படிப் படம் எடுப்பவர்களுக்கு இரண்டே வகைப் பதில்தான் கிடைக்கிறது: "அருமை சார்", இல்லாவிட்டால் "ஷேக் ஆயிடுச்சே". இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு காலையில் எதையும் மாற்றிச் செய்ய முடியாது. அதை மாற்றத்தான் இந்தப் பக்கம்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். இடம் அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலத்தின் பக்கம். சூரியன் எழுந்து பத்து நிமிடம். கொக்குக் கூட்டம் தண்ணீரை ஒட்டி வலமிருந்து இடமாகப் போகிறது. 200 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/8 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100. பறவைகளோடு சேர்ந்து கேமராவும் திரும்பியிருக்கிறது. கொக்குகள் வெள்ளைத் தீற்றல்களாகவும் தண்ணீர் ஆரஞ்சும் சாம்பலுமான கோடுகளாகவும் பதிந்திருக்கின்றன. வலது மேல் மூலையில் பாலத்தின் கரிய துண்டு. கீழ் ஓரத்தில் வெளிறிய ஒரு பட்டை. கீழே 'கொக்குப் படம்' என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

சோதனைப் படத்தையும் தவறிப்போன படத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

முதலில் தீற்றல்களின் திசையைப் பாருங்கள். கை நடுங்கிப் போன படத்தில் ஒளிப்புள்ளிகள் புழு நெளிந்ததுபோல் கோணலாக ஓடும். வேண்டுமென்று அசைத்த படத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இழுபட்டிருக்கும். அடுத்து அசைவின் அளவைப் பாருங்கள். 1/60, 1/40 நொடியில் கையில் பிடித்து எடுக்கும் படங்கள் பெரும்பாலும் அரைகுறையாக நிற்கும். இலை கூர்மையாகவும் இல்லை, கரைந்தும் போகவில்லை. பார்ப்பவருக்குத் தன் கண்ணாடியைத் துடைக்கத் தோன்றும். அசைப்பது என்று முடிவுசெய்தால் 1/15 நொடியைவிட மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடுவது நல்லது; ஓடும் பறவையோடு சேர்ந்து திருப்பும்போது மட்டும் 1/30 வரை வைக்கலாம்.

இவற்றை எல்லாம்விட நம்பகமான சோதனை, முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்பது. அதே இடத்தில் அதே அசைவை இருபது, முப்பது தடவை முயன்றிருந்தால் அங்கே ஒரு எண்ணம் வேலை செய்திருக்கிறது. ஒன்றே ஒன்று தற்செயலாக விழுந்திருந்தாலும் குற்றமில்லை, அதையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது விமர்சனத்தின் கேள்வி வேறு: இதை மறுபடி எப்படி எடுப்பது?

கூர்மை இல்லை என்று சொல்லவே கூடாதா?

சொல்லலாம், எந்த இடத்தில் என்று சொன்னால். இயற்கைப் படம் என்றால் இயற்கையியல் பதிவு என்ற மரபு இந்த ஊரில் வலுவானது. கருப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் பதிந்த மா. கிருஷ்ணன் (1912–1996) சென்னையில் வாழ்ந்தவர். அந்த மரபில் ஒரு படத்தை வைத்து உயிரினத்தை அடையாளம் காண முடிய வேண்டும். கண் கூர்மையாக இருக்க வேண்டும். அது நல்ல அளவுகோல், அந்த வேலைக்கு. கொக்குப் படம் அந்த வேலைக்கு வரவில்லை. சின்னக் கொக்கா உண்ணிக்கொக்கா என்று அதில் தேடுபவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனாலும் கரைந்த படத்துக்கும் ஒரு பிடிமானம் வேண்டியிருக்கலாம். "எல்லாமே ஓடுகிறது, கண் நிற்க இடமில்லை. முன்னால் போகும் கொக்கின் தலையாவது கொஞ்சம் தங்கியிருந்தால் மற்றவை ஓடுவது தெரிந்திருக்கும்" என்பது கூர்மையைப் பற்றிய சரியான விமர்சனம். இதற்குத் தீர்வும் உண்டு: 1/8 நொடிக்குப் பதில் 1/20 அல்லது 1/30 வைத்து, தலையின் வேகத்தோடு கேமரா போனால் தலை தங்கும், சிறகு கரையும்.

ஒரு படத்தைப் பற்றிப் பேச எங்கிருந்து தொடங்குவது?

நம்மிடமே ஒரு நல்ல வரிசை இருக்கிறது. அகப்பாடலைப் படிக்கும்போது முதல், கரு, உரி என்று பிரித்துப் பார்ப்போம். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அங்கே வாழும் பறவை, விலங்கு, மரம், மனிதர். உரிப்பொருள் அவற்றின் வழியாக எழும் உணர்வு. சாதாரண இயற்கைப் படத்தில் கருப்பொருள்தான் நடுநாயகம். சோதனைப் படத்தில் அது பாதி கரைந்துவிடுகிறது. எனவே முதலும் உரியும் கூடுதல் சுமையைத் தூக்க வேண்டும்.

கொக்குப் படத்தில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பொழுது தெரிகிறதா? ஆரஞ்சு நிறமும் தாழ்ந்த ஒளியும் விடியலைச் சொல்கின்றன. நிலம் தெரிகிறதா? தண்ணீர் என்று தெரிகிறது, ஆறா கடலா என்று தெரியவில்லை. பாலத்தின் துண்டு இருந்தும் அது பாலம் என்று படவில்லை, கரும்புள்ளியாக உறுத்துகிறது. கரு: பறவைகள் என்று தெரிகிறது, வெள்ளை என்று தெரிகிறது, அதற்குமேல் தேவையில்லை. உரி: இங்குதான் கருத்துகள் வேறுபடும். ஒருவருக்குக் கிளம்பும் அவசரம், இன்னொருவருக்குக் கலைந்துபோகும் தனிமை. எடுத்தவர் எதை நினைத்தார் என்பதை இதற்குப் பிறகு கேளுங்கள், முன்னால் கேட்காதீர்கள். முன்னாலேயே தெரிந்துவிட்டால் எல்லோருக்கும் அதுவே தெரியத் தொடங்கிவிடும்.

இந்த மூன்றையும் பேசி முடிப்பதற்குள் படத்தின் கோளாறு தானாக வெளியே வந்துவிடும். மேலே சொன்னதில் பாலத்துண்டு சிக்கிக்கொண்டதைப் பாருங்கள். "கம்போசிஷன் சரியில்லை" என்று பொதுவாகத் தொடங்கியிருந்தால் அங்கே வந்து சேர நேரமாகியிருக்கும்.

மேற்கில் கலைக்கல்வியில் எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த நான்கு படிகளும் பரவலாகப் பயன்படுகின்றன: விவரி, பகுத்துப்பார், பொருள்கொள், பிறகே மதிப்பிடு. மதிப்பீடு கடைசியில் வருகிறது என்பதுதான் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

"நல்லா இருக்கு" என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள், "ஏன்னா" என்று தொடருங்கள். "நல்லா இருக்கு, ஏன்னா கொக்குகளோட வெள்ளை இடது பக்கம் போகப் போக மெலிஞ்சுட்டே போகுது" என்றால் எடுத்தவருக்கு எதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிகிறது. காரணம் இல்லாத பாராட்டால் கெடுதலும் உண்டு: நல்லதை எடுத்தெறிந்துவிட்டு, கெட்டதை அடுத்த படத்துக்கும் கொண்டுபோய்விடுவார்.

வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் படத்தில் குறை தெரிகிறது. எப்படிச் சொல்வது?

இங்கே பலரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூத்தவருக்கு அதனால் நஷ்டம்தான். அவருக்கு உண்மையான கருத்தே வந்து சேர்வதில்லை. படத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லாமல், உங்கள் கண் எங்கே போனது என்பதைச் சொல்லுங்கள். அதை யாரும் மறுக்க முடியாது, யாருக்கும் மரியாதைக் குறைவாகவும் தோன்றாது.

"சார், கீழ் ஓரத்துல ஒரு வெளிறின பட்டை இருக்கு. நான் முதல்ல கொக்கைப் பார்க்கலை, அதைத்தான் பார்த்தேன். அது வேணும்னே விட்டதுங்களா?"

இந்த மூன்று வாக்கியங்களில் எது, எங்கே, என்ன விளைவு என்ற எல்லாம் இருக்கின்றன. கடைசிக் கேள்வி பொய்ப் பணிவு அல்ல. வேண்டுமென்றே விட்டிருந்தால் காரணம் சொல்வார், பேச்சு வேறு திசையில் போகும்.

மூத்தவர் இளையவருக்குச் சொல்லும்போதும் ஒரு கவனம் வேண்டும். "இப்படிப் பண்ணியிருக்கணும்பா" என்ற ஒரு வரி கட்டளையாக விழுந்து, அந்தப் பிள்ளை ஆறு மாதம் உங்கள் படத்தையே எடுத்துக்கொண்டிருக்கும். "இதை ரெண்டு விதமா பண்ணிப் பார்க்கலாம்மா" என்று தொடங்கி இரண்டு வழி சொல்லுங்கள்.

கேமராவை அசைத்து எடுத்த படத்தில் தொழில்நுட்பமாக எதைப் பார்ப்பது?

தீற்றலின் இரு முனைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். முனையில் கொக்கிபோல் வளைந்திருந்தால் ஷட்டர் மூடுவதற்குள் கை நின்றுவிட்டது. முனையில் மட்டும் அழுத்தமான புள்ளி இருந்தால் கை தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அசைவைத் தொடங்கிவிட்டு, ஓட்டத்தின் நடுவில் பட்டனை அழுத்தி, மூடிய பிறகும் கொஞ்சம் தொடர வேண்டும். தீற்றல் அலை அலையாக நெளிந்தால் கை நடுக்கத்தைத் தணிக்கும் லென்ஸின் ஸ்டெபிலைசர் அசைவோடு மல்லுக்கட்டியிருக்கலாம்; அதை அணைத்துவிட்டு, அல்லது பக்கவாட்டு அசைவுக்கான நிலையில் வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கடலை இடமும் வலமுமாக இழுத்த படத்தில் அடிவானம் வில்லாக வளைந்திருந்தால், மணிக்கட்டால் திருப்பியிருக்கிறார் என்று பொருள். கால்களை அகட்டி ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்பினால் கோடு நேராக வரும்.

பனையையோ சவுக்கையோ மேலிருந்து கீழாக இழுக்கும்போது வேறு சிக்கல். மரங்களுக்கு நடுவே தெரியும் வானம் அடிமரங்களின்மேல் வழிந்து, கரிய தண்டுகள் சாம்பலாகிவிடும். நம் ஊர்க் கடற்கரைத் தோப்புகளில் காலை ஒளி கடல் பக்கமிருந்து வருவதால் கடலைப் பார்த்து எடுக்கும் எல்லாப் படத்திலும் இது நடக்கும். வானம் வராமல் ஃப்ரேமைக் கீழே இறக்க வேண்டும், அல்லது கடலுக்கு முதுகைக் காட்டி ஒளி விழும் பக்கத்தை எடுக்க வேண்டும். எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் குறைத்தால், அதாவது ஒளியைப் பாதியாக்கினால், ஓரளவு சரியாகும்.

ஷட்டர் வேகம் மரங்களுக்கு 1/4 முதல் 1/2 நொடி, கடலுக்கு 1/2 முதல் 1 நொடி என்று தொடங்கலாம். வெயில் ஏறிய பிறகு ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்தாலும் சுமார் 1/125 நொடிதான் கிடைக்கும். அதை 1/2 நொடியாக்க 6 ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும், அதற்கு லென்ஸின் முன் மாட்டும் கரிய கண்ணாடியான என்.டி. 64 ஃபில்டர். ஃபில்டர் இல்லாதவர் எஃப் 22க்குப் போவார், சென்சாரிலுள்ள தூசி எல்லாம் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும். கரைந்த படத்தில் கூர்மையான கரும்புள்ளி இருந்தால் அது தூசிதான், ஏனென்றால் காட்சியில் உள்ள எல்லாமே இழுபட்டிருக்கும்போது லென்ஸுக்குப் பின்னால் சென்சாரில் இருப்பது மட்டும் இழுபடாது.

இன்னொன்று: அசைத்த படங்கள், கேமரா பதிந்தபடியே சேமிக்கும் ரா ஃபைலில் சப்பென்றுதான் இருக்கும். ஒளியும் நிழலும் கலந்து சராசரியாகிவிடுவதால் ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) நடுவில் குவிந்திருக்கும். கான்ட்ராஸ்ட் கூட்டியிருக்கிறார் என்பதைக் குறையாகச் சொல்லாதீர்கள். கூட்டியதில் கொக்கின் வெள்ளை வெறும் காகிதமாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

பல முறை பதித்த படத்தில்?

எந்த முறையில் சேர்த்தார் என்று முதலில் கேளுங்கள். கூட்டல் முறையில் ஒவ்வொரு பதிவின் ஒளியும் சேர்ந்துகொண்டே போகும்; 2 பதிவென்றால் ஒவ்வொன்றையும் 1 ஸ்டாப், 4 பதிவென்றால் 2 ஸ்டாப், 8 என்றால் 3 ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும். சராசரி முறையில் கேமராவே கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

பெரும்பாலான படங்கள் தோற்பது வெளிறிய வானத்தில். கூட்டல் முறையில் முதல் பதிவில் எது வெள்ளையோ அதன்மேல் இரண்டாவது பதிவு தெரியவே தெரியாது. இருண்ட இடத்தில்தான் தெரியும். "இலை நரம்பு ஏன் பாதியோடு நின்றுவிட்டது?" என்ற கேள்விக்கு அநேகமாக இதுதான் விடை. கூழைக்கடாவின் நிழலுருவுக்குள் கோரைப்புல்லை நிரப்ப நினைப்பவர் இந்தக் குணத்தையே கருவியாக்கிக்கொள்ளலாம்.

தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி வந்து 8, 10 பதிவுகளை ஒன்றாக்கும் முறையில், அடிமரம் பஞ்சுபோல் கலைந்திருந்தால் ஒவ்வொரு பதிவிலும் மரத்தின் இடம் மாறியிருக்கிறது. தண்டு கிளைவிடும் கவையை ஃப்ரேமின் நடுப்புள்ளியில் நிறுத்தி, ஒரே தூரத்தில் சுற்றிவரச் சொல்லுங்கள். ஜூம் லென்ஸானால் வளையத்தின்மேல் டேப் ஒட்டிவிட்டால் நகராது.

நீண்ட நேரம் ஷட்டர் திறந்த கடல் படத்தில்?

நேரம் எண்ணத்துக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியக் கேள்வி. 1/2 முதல் 1 நொடியில் திரும்பும் அலையின் நுரை கோடு கோடாக நிற்கும். 30 நொடியில் அலையே இருக்காது, பால்போல் ஒரு பரப்பு. கடலின் வேகத்தைச் சொல்ல நினைத்தவர் 30 நொடி வைத்திருந்தால் படம் அவருக்கு எதிராகவே பேசும்.

காசிமேட்டுப் பக்கம் அலைத்தடுப்புக் கற்களை எடுத்த படத்தில் கல் இரட்டையாகத் தெரிந்தால் ட்ரைபாட் மணலில் இறங்கியிருக்கிறது. காலை ஊன்றி அழுத்தி, இரண்டு மூன்று அலை வந்து போகும்வரை காத்திருந்து எடுத்தால் இறங்குவது நின்றிருக்கும். நடுத்தண்டை உயர்த்தாமல் இருப்பது நல்லது. இரவுப் படத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள் தெறித்திருந்தால் அது சென்சார் சூடு. நம் ஊர் வெப்பத்தில் சற்றுக் கூடுதலாகவே வரும். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் நீக்கத்தைப் போட்டால் குறையும், ஆனால் 30 நொடிப் படத்துக்கு இன்னொரு 30 நொடி காத்திருக்க வேண்டும்.

அகச்சிவப்புப் படத்துக்கு?

இலை வெள்ளையாவது அந்த முறையின் இயல்பு, இலைகள் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால் வருவது. அதற்குப் பாராட்டும் வேண்டாம், குறையும் வேண்டாம். நடுவில் வட்டமாக வெளிறியிருந்தால் அந்த லென்ஸ் அகச்சிவப்புக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லுங்கள்.

படம் முழுக்க மெல்லிய புகைபோல் இருக்கிறது. எஃபெக்டா, கோளாறா?

சென்னையில் இந்தக் கேள்வி வருடம் முழுக்க வரும். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். அப்போது ஒளியுள்ள இடங்களைச் சுற்றி ஒரே சீராக ஒளிவட்டம் பரவி, கருநிறம் சாம்பலாகும். அடுத்தடுத்த படங்களில் புகை குறைந்துகொண்டே போனால் ஐயமே இல்லை. பையை மூடியபடி இருபது நிமிடமாவது வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் இது வராது. கடலோரத்தில் உப்புத் துளி படிந்தால் வேறு மாதிரி: புகை திட்டுத் திட்டாக, பெரும்பாலும் காற்று அடித்த பக்கமாக இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்ற வேண்டும்.

ஆவி படிந்த படம் அழகாக அமைவதும் உண்டு. அப்படி அமைந்தால் "ஆவி" என்று குறிப்பில் எழுதிவையுங்கள், மறுபடி வேண்டும்போது வழி தெரியும்.

விமர்சனம் கேட்கும்போது படத்தோடு என்ன கொடுக்க வேண்டும்?

ஒரு கேள்வி. "எப்படி இருக்கு?" என்பது கேள்வி ஆகாது. "பாலத்தின் துண்டு இருக்கலாமா, வெட்டிவிடலாமா?" என்பது கேள்வி. அதோடு ஷட்டர், அப்பர்ச்சர், லென்ஸ், அசைத்த திசை ஆகிய விவரங்கள். அதே இடத்தில் அசைக்காமல் எடுத்த ஒரு சாதாரணப் படம். அதே முயற்சியில் மிஞ்சிய ஆறேழு படங்கள். சாதாரணப் படம் இருந்தால் பார்ப்பவருக்கு நீங்கள் எதை விட்டீர்கள், எதை வைத்துக்கொண்டீர்கள் என்று தெரியும். மிஞ்சிய படங்களில்தான் சில நேரம் சரியான படமே இருக்கும். எடுத்தவர் பட்ட பாட்டை நினைத்து வேறொன்றைத் தேர்ந்திருப்பார்.

இவற்றை முதல் பார்வைக்குப் பிறகு காட்டுங்கள். தலைப்பும் அப்படியே. "விடியலின் ஓட்டம்" என்று எழுதிவிட்டுக் காட்டினால் யாரும் வேறெதையும் பார்க்கமாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்கலாமா?

சாதாரணமாக அனுப்பினால் நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கி, நிறங்களும் நசுங்கும். கூர்மையான பறவைப் படத்துக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. நிறம் மெல்ல மெல்ல மாறும் படத்துக்குத்தான் அடி விழும்: ஆரஞ்சிலிருந்து சாம்பலுக்கு வழுக்கிச் செல்ல வேண்டிய இடத்தில் படிக்கட்டுபோல் பட்டைகள் தோன்றும். எனவே டாக்குமென்டாக அனுப்புங்கள். பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அடோபி ஆர்ஜிபியில் இருந்தால் சில திரைகளில் நிறம் செத்துத் தெரியும்.

பார்ப்பவரும் ஃபோனில் இரவுநேர மஞ்சள் வடிகட்டியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அது ஓடும்போது நிறத்தைப் பற்றிச் சொல்லும் எதற்கும் மதிப்பில்லை.

முடிந்தால் அச்சிட்டு எடுத்துவாருங்கள். ஏ4 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508 × 2480 பிக்சல் வேண்டும். கரைந்த படங்களுக்கு 150 புள்ளியே, அதாவது 1754 × 1240 பிக்சலே போதும், ஏனென்றால் இழப்பதற்கு நுண்விவரம் இல்லை. மேட் தாள் நல்லது, பளபளப்புத் தாளில் டியூப்லைட்தான் தெரியும். ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில் வைத்து, இரண்டடி தள்ளி நின்று ஒரு முறை, ஆறடி தள்ளி நின்று ஒரு முறை பாருங்கள். ஃபோனில் குழப்பமாகத் தெரிந்த அசைவு ஆறடியில் ஒழுங்காகச் சேர்வது அடிக்கடி நடக்கும்.

நாலைந்து பேர் உட்கார்ந்து பேசும்போது நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் நல்ல அளவு. முதல் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பாருங்கள். அடுத்த நான்கு நிமிடம் மற்றவர்கள், மிகவும் இளையவரிலிருந்து தொடங்கி, என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லட்டும். மூத்தவர் முதலில் பேசினால் மீதிப்பேர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பிறகு எடுத்தவர் தன் கேள்வியைக் கேட்கட்டும். மீதி நேரத்தில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் செய்துபார்க்கக்கூடிய அளவில்: "இன்னும் கீழே உட்கார்ந்து எடுங்க" போதாது, "கேமரா தண்ணியிலிருந்து ஒரு அடி உயரத்துல இருந்தா அந்த வெளிறின பட்டை மறையும்" என்பது போதும்.

ஒரு உட்காரலில் ஆறு படத்துக்குமேல் வேண்டாம். ஏழாவது படத்துக்கு யாருடைய கண்ணும் உண்மையாக இருப்பதில்லை.

எடுத்தவர் வாய் திறக்கவே கூடாதா?

முதல் ஐந்து நிமிடம் கூடாது. "அன்னிக்கு வெளிச்சம் இல்லை", "நான் என்ன நினைச்சேன்னா" என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் படத்தை விட்டுவிட்டு உங்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கையில் நோட்டு வைத்துக்கொண்டு, அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "குளிர்ச்சியா இருக்கு" என்றதை "நீல நிறம் அதிகம்" என்று மாற்றி எழுதிவிட்டால், அவர் சொல்ல வந்தது வேறாக இருந்திருக்கலாம், அது தொலைந்துவிடும்.

இரண்டு பேர் நேர்மாறாகச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

இருவரும் படத்தின் எந்த இடத்தைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் "பாலத்தை வெட்டு" என்கிறார், இன்னொருவர் "பாலம் முழுதாக வரட்டும்" என்கிறார். தீர்வு எதிரெதிர், ஆனால் கோளாறு ஒரே இடத்தில்தான். மூன்று பேர் ஒரே இடத்தைத் தொட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். இடமே சொல்லாத கருத்துகளை ஒதுக்கிவிடலாம்.

நிறத்தை எவ்வளவு மாற்றலாம்?

எவ்வளவு என்பதைவிட, பார்ப்பவரிடம் எதைப் பதிவாகச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் அலை நீலமாக ஒளிர்ந்தது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரியால் வருவது அது. பல நொடி ஒளியைச் சேகரிக்கும் கேமராவில் அந்த நீலம் கண்ணுக்குத் தெரிவதைவிட அடர்த்தியாகப் பதியும். அதில் பொய் இல்லை. அதற்குமேல் நீலத்தை ஏற்றி "அன்று கடல் இப்படி இருந்தது" என்று எழுதினால்தான் சிக்கல். அப்போது நிறத்தைப் பற்றி அல்ல, அந்த வரியைப் பற்றி விமர்சியுங்கள்.

இத்தகைய படத்தைப் போட்டிக்கு அனுப்பலாமா?

பிரிவைப் பார்த்து அனுப்புங்கள். ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பிஎஸ்ஏ (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்) போன்ற அமைப்புகளின் இயற்கைப் பிரிவு விதியில் காட்சியில் இல்லாததைச் சேர்க்கவோ, இருந்ததை நீக்கவோ இடமில்லை. பல காட்சிகளைச் சேர்த்துப் பதித்த படம் அங்கே நிற்காது. திறந்த பிரிவு அதற்குப் பொருத்தம். "இது நேச்சர் ஆகாது" என்று உங்களிடம் யாராவது சொன்னால், போட்டி விதியைச் சொல்கிறாரா, தன் ரசனையைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படம் அழகு, ஆனால் எடுத்த விதம் சரியில்லை என்று தோன்றுகிறது. அதுவும் விமர்சனத்தில் சேருமா?

கட்டாயம் சேரும், முதலிலேயே சொல்ல வேண்டும். கொக்குக் கூட்டம் தானாக எழுந்ததா, கல்லெறிந்து எழுப்பினார்களா? இரை தேடும் பறவையைப் படத்துக்காகக் கிளப்பினால் அந்த வேளையின் உணவு அதற்குப் போய்விடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கடற்கரைகளில் முட்டையிட ஏறுகின்றன. ஃப்ளாஷும் டார்ச்சும் அவற்றைத் திசைதிருப்பும், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கும். ஒளிக்கோலம் வரைந்து எடுத்த ஆமைப் படத்தின் அழகைப் பேசத் தொடங்குவதே அடுத்தவரையும் அதைச் செய்யத் தூண்டும். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணையில் சாலையோரத்திலிருந்தே எவ்வளவோ சோதனைகள் செய்யலாம். கம்பியும் கட்டடமும் ஃப்ரேமுக்குள் வருவதை அசைவே கரைத்துவிடும். கூடு இருக்கும் இடத்தின் படமென்றால் ஃபைலிலுள்ள ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

கேட்கும்போது குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம். "பறவை எப்படி எழும்புச்சு?" என்று கேட்டால் போதும்.

கருத்துகள் கேட்ட பிறகு எப்போது திருத்துவது? அதே படத்தை மறுபடி காட்டலாமா?

அன்றிரவே எடிட்டுக்கு உட்காராதீர்கள். கடைசியாகப் பேசியவரின் குரல்தான் காதில் இருக்கும். மூன்று நான்கு நாள் கழித்து நோட்டைத் திறந்து, பழைய ஃபைலை அப்படியே வைத்துவிட்டு, நகலில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். கொக்குப் படத்தில் கீழே வெளிறிய பட்டையை வெட்டினால் படம் அகலமாகி, ஓட்டம் இன்னும் வேகமாகத் தெரியும். பாலத்துண்டைத் தொடவே தேவையில்லாமல் போகலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் வெட்டியிருந்தால் எது வேலை செய்தது என்று தெரிந்திருக்காது.

மறுபடி காட்டும்போது பழையதையும் புதியதையும் எது எதுவென்று சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு சுற்றுக்குமேல் ஒரே ஃபைலைச் சுமக்க வேண்டாம். அடையாறு முகத்துவாரத்துக்கே திரும்பிப் போங்கள். சூரியன் மே கடைசியில் 5.40ஐ ஒட்டியும் ஜனவரியில் 6.35ஐ ஒட்டியும் எழும், அரை மணி முன்னால் அங்கே இருந்தால் சரி. முதல் பத்துப் படம் 1/8 நொடி, அடுத்த பத்து 1/20, அடுத்த பத்து 1/30. விமர்சனத்துக்கு உட்காரும் வட்டத்தில் அடுத்து வைக்க வேண்டியது அந்த முப்பதிலிருந்து ஒன்றை.